எபிரேய எழுத்துக்கு விட்ட இடம்

அண்ணனுடைய ஆய்வேட்டை நான் தட்டச்சு செய்தபோது, எபிரேயச் சொற்கள் வரவேண்டிய இடங்களை முதலில் வெறுமையாகவே விட்டேன். அவன் படித்த இறையியல் கல்லூரியில் அதுதான் வழக்கம். தமிழைக் கணினியில் அடித்து, எபிரேயத்துக்கு வேண்டிய அளவு இடம் விட்டு அச்செடுப்பார்கள். அந்த இடங்களை மாணவன் கறுப்பு மைப் பேனாவால் தானே எழுதி நிரப்ப வேண்டும். வேறொருவர் எழுதித் தரக்கூடாது. அவனுக்கு அந்த மொழி எழுத வரும் என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் அத்தாட்சி.

அண்ணனுடைய எபிரேயக் கையெழுத்துக்கு வகுப்பில் பெயர் இருந்தது. பரீட்சைக்கு முன்னால் மற்ற மாணவர்கள் அவன் நோட்டை வாங்கிப் பார்த்துப் பழகுவார்களாம். ஆனால் கடைசி அதிகாரத்தை அவன் வாயால் சொல்லி நான் அடித்த நாட்களில் அவனால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிப்போயிருந்தன. சுட்டுவிரல் பாதி மடங்கி அப்படியே நின்றுவிட்டது. இடது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் சொன்னபடி கேட்டன.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேன். அங்கே வாரத்தின் முதல் வேலைநாளில், வேலை நடக்கும் செட்டுகளுக்குள் ஆட்கள் போகும் முன்பு வாசலருகே ஒரு சின்ன ஜெபம் நடக்கும். எங்கள் சபையின் உபதேசியார்தான் போய் நடத்துவார். அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல். கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த அண்ணனை அப்பா அழைத்துப்போனார். ஜெபம் முடிந்தது. அண்ணன் வெயில் தாழ அப்பாவோடு திரும்பலாம் என்று அலுவலக அறையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். மதியத்துக்கு முன்னால் மருந்து கலக்கும் அறையில் சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்தில் பட்டாசு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இரண்டு விஷயம். அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். சத்தம் கேட்டால் வெளியே ஓட வேண்டும்; யார் பெயரையும் கூப்பிடக் கூடாது, திரும்பக் கூடாது. முதல் சத்தத்தோடு எதுவும் முடிவதில்லை. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த அப்பா, அன்றும் சொன்னபடியே வேலிக்கு வெளியே ஓடினார். அங்கே நின்று ஆட்களை எண்ணுவது போர்மேன் வேலை. எண்ணும்போதுதான் மகன் அங்கே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

அண்ணனுக்கும் அந்த விதி தெரியும். சிவகாசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இருந்தும் அவன் உள்ளே ஓடினான். திரி வைக்கும் அறையில் வேலை பார்த்த ஓர் அக்கா, காலையில் ஜெபத்தில் முன்வரிசையில் நின்று பாடியவர், சேலையில் தீப்பிடித்து வாசலில் விழுந்து கிடந்தார். அவரை இழுத்து வரும்போது பக்கத்து அறை வெடித்தது. அந்த அக்கா மதுரை ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு அடுத்த வார்டில் சில நாள் இருந்து இறந்துபோனார். கைகளும் இடது காதும் போனதோடு அண்ணன் தப்பினான் என்று எல்லாரும் சொன்னார்கள். தப்பியது அவன், கைகள் அல்ல.

அவன் குருவாக வேண்டும் என்பது பத்தாவது படிக்கும்போதே முடிவான விஷயம். அதற்கு இப்போது இரண்டு தடைகள் இருந்தன. எனக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் நிதானம் வரும். அதனால் இப்படி வைத்துக்கொண்டேன். முதலாவது, ஆய்வேட்டைச் சமர்ப்பித்துப் பட்டம் பெற வேண்டும். இரண்டாவது, இந்தக் கைகளோடு அவனை ஒரு சபைக்கு அனுப்ப, சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலம் சம்மதிக்க வேண்டும். இரண்டாவதற்கு என்னால் எதுவும் செய்ய முடியாது. முதலாவதற்கு முடியும் என்று தோன்றியது.

கல்லூரி முதல்வரோடு அண்ணன் போனில் பேசினான். நான் போனை அவன் காதருகே பிடித்துக்கொண்டிருந்ததால் அவர் பேசியதும் எனக்குக் கேட்டது.

"கூடப் படிச்ச பையன் யாரையாவது வச்சு எழுதிக்கயேன். உன் நிலைமைக்கு யாரும் கேக்கப்போறதில்ல" என்றார்.

"அது என் எழுத்தா இருக்காதுங்கய்யா. கம்ப்யூட்டர்ல நானே அடிச்சா ஒத்துக்கிடுவீகளா?"

அவர் சற்று யோசித்தார். "தமிழ உன் தங்கச்சி அடிக்கட்டும். எபிரேயம் நீதான் அடிக்கணும். வாய்மொழித் தேர்வன்னைக்கு எங்க முன்னாடி அடிச்சுக் காட்டணும். புள்ளியெல்லாம் வரணும், விட்டுறக் கூடாது."

புள்ளி என்று அவர் சொன்னது உயிரொலிக் குறிகளை. எபிரேயத்தில் மெய்யெழுத்துகள்தான் வரியில் நிற்கும். உயிரொலிகள் அவற்றின் அடியிலும் உள்ளும் மேலும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் வரும். இன்றைய செய்தித்தாளில் அவை இல்லாமலே படித்துவிடுவார்களாம். அண்ணன் எடுத்துக்கொண்டதோ பழைய புலம்பல் பாட்டுகளில் வரும் கேள்விகள். அங்கே புள்ளி தப்பக் கூடாது.

நான் கணினி அறிவியல் படித்துவிட்டு ஓர் ஆப்செட் அச்சகத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள்கள், தீப்பெட்டி லேபிள்கள், காலண்டர்கள். வீட்டில் இருந்தது உதிரிப் பாகங்கள் வாங்கி நானே பூட்டிய கணினி. கல்லூரி நாட்களிலிருந்து பழகிய லினக்ஸ் இயங்குதளத்தைத்தான் அதில் போட்டிருந்தேன். எபிரேய விசைப்பலகையைச் சேர்ப்பது அதில் பெரிய காரியமில்லை. விசைப்பலகை அமைப்புக்குள் போய், நாடுகளின் வரிசையில் இஸ்ரேலைத் தேர்ந்து, ஆல்ட்டையும் ஷிப்டையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்படி வைத்தேன். எழுதும் மென்பொருளில் வலமிருந்து இடமாக எழுதும் வசதி மறைந்து கிடந்தது, அதைத் திறந்துவிட்டேன். ஒரு விசையைத் தட்டினேன். கோட்டின் வலது ஓரத்தில் ஓர் எழுத்து வந்து நின்றது. அடுத்தது அதற்கு இடப்பக்கம் வந்தது.

பக்கத்தில் இருந்த அண்ணன் அதை வாசித்தான். "அர்த்தமே இல்ல பாப்பா. ஆனா எழுத்து சரி" என்றான். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்தது அன்றுதான் என்று அம்மா பிறகு சொன்னாள். எனக்கு அப்படி நினைவில்லை.

புள்ளிகளில்தான் வேலை நின்றது. என் கணினியில் இருந்த எழுத்துருவில் புள்ளி எழுத்துக்கு அடியில் போகாமல் பக்கத்தில் தனியாக விழுந்தது. தமிழிலும் அப்போது இதே கூத்துதான். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எபிரேய எழுத்துருக்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒரு புள்ளியைச் சரியாக வைத்து அடுத்ததைக் கெடுத்தன. கடைசியில் ஒன்று எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தது. அண்ணன் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான். "இதுதான்" என்றான்.

அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் எங்களுக்குப் புரிந்தது. புள்ளி வர, வலது ஆல்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல்வரிசையில் எண்ணைத் தட்ட வேண்டும். ஒரு கை பிடிக்க வேண்டும், இன்னொரு கை தட்ட வேண்டும். அண்ணனின் வலது கையால் எதையும் அழுத்திப் பிடிக்க முடியாது. இடது கையை வலப்பக்கம் கொண்டுவந்து கட்டைவிரலால் பிடித்துச் சுட்டுவிரலை நீட்டினான். எட்டவில்லை. மறுபடி நீட்டினான். புதுத்தோல் வெடித்து விசைகளுக்கு நடுவே ஒரு துளி ரத்தம் இறங்கியது. அவன் சட்டை நுனியால் அதைத் துடைத்தான்.

உடல் ஊனமுற்றவர்களுக்கான வசதிகள் என்ற பக்கத்தை நான் அதுவரை திறந்ததில்லை. அமைப்புகளின் பட்டியலில் எப்போதும் தாண்டிப்போகும் இடம் அது. அங்கே ஒட்டும் விசை என்று ஒன்று இருந்தது. அதை இயக்கிவிட்டால் ஆல்ட்டைப் பிடித்திருக்க வேண்டாம். ஒருமுறை தட்டிவிட்டால் போதும். அடுத்த விசை வரும்வரை அது காத்திருக்கும். மெதுவிசை என்று இன்னொன்று. விரல் தவறிப்போய் உரசும் விசைகளை அது கணக்கில் எடுக்காது. சற்று அழுத்தி நின்றால்தான் எழுத்து விழும். இரண்டையும் இயக்கினேன். அண்ணன் ஆல்ட்டைத் தட்டி, கையை எடுத்து, மூச்சு விட்டு, மேல்வரிசைக்குப் போய்த் தட்டினான். எழுத்தின் அடியில் புள்ளி போய் உட்கார்ந்தது.

"காத்திருக்குதே" என்றான்.

எந்த விசையில் எந்த எழுத்து என்று தெரிய ஸ்டிக்கர் வேண்டியிருந்தது. அச்சகத்தில் பட்டாசு லேபிள் ஓடும்போது பசைத்தாளின் ஓரத்தில் வெள்ளை இடம் வீணாகும். மேற்பார்வையாளரிடம் கேட்டு, ஒரு லோடு ராக்கெட் லேபிள் ஓடும்போது அந்த ஓரத்தில் எபிரேய எழுத்துகளைச் சேர்த்து ஓட்டினேன். வெட்டும்போது சிலவற்றில் லேபிளின் சிவப்பும் மஞ்சளும் துளி ஒட்டிக்கொண்டு வந்தன. விரல்நுனியில் உணர்ச்சி இல்லாததால் நடுவரிசை எது என்று அவனுக்குத் தட்டுப்படவில்லை. மருந்து முக்காத தீக்குச்சியைச் சீவி இரண்டு விசைகளின் மேல் ஒட்டினேன். விரலின் பக்கவாட்டில் அது அவனுக்கு உறைத்தது.

"ஏ புள்ள, இந்த எழுத்து மேல ராக்கெட்டு வாலு ஒட்டியிருக்கு. அடிச்சா மேல போயிராதே?" என்றான்.

அப்பா அறை வாசலில் நின்று பார்ப்பார். உள்ளே வருவதானால் முதலில் சன்னல் கம்பியைத் தொடுவார். செம்புத் தகட்டைத் தொட்டே பழகிய கை. "கரண்டு சாமான் பக்கத்துல தொட்டுட்டுத்தான் வரணும்" என்பார். அண்ணன் அடிப்பதைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு வெளியே போய்விடுவார். விபத்தைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரே ஒருமுறை, அண்ணன் அடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா, "நான் எண்ணிக்கிட்டிருந்தேன்டா" என்றார். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும்பா" என்றான். அவ்வளவுதான்.

ஒரு பக்கத்துக்கு முதலில் ஒரு முழு நாள் ஆனது. பிறகு மாலைக்குள் முடிந்தது. பிறகு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே. நான் அச்சகத்திலிருந்து திரும்பி வந்து பார்க்கும்போது, விட்டிருந்த இடங்களில் எபிரேயம் வந்து அமர்ந்திருக்கும்.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் மதுரைக்குப் போனேன். கல்லூரிக் கணினியில் எங்கள் அமைப்பு எதுவும் இருக்காது என்பதால் குறுந்தட்டிலிருந்தே இயங்கும் லினக்ஸ், எழுத்துரு, ஸ்டிக்கர் ஒட்டிய விசைப்பலகை எல்லாவற்றையும் துண்டில் சுற்றிப் பையில் எடுத்துக்கொண்டேன். விருதுநகரில் பஸ் மாறும்போது ஒருவர் அண்ணனின் பக்கத்து இடத்தில் உட்கார வந்து, கைகளைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே வந்தார். மூன்று ஆசிரியர்கள் முன்னிலையில் அவர்கள் வாசித்த வரிகளை அண்ணன் அடித்தான். புள்ளி ஒன்றுகூடத் தப்பவில்லை. பட்டம் உறுதியானது. என் வரிசையில் முதலாவதைக் கோடிட்டு அடித்துவிட்டேன்.

இரண்டாவதற்கு, திருமண்டல நியமனக் குழுவின் செயலாளர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மாவும் ஆசிரியை என்பதால் அவரை முன்பே தெரியும். எதைப் பார்க்க வருகிறார் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. திருவிருந்தில் குருவானவர்தான் அப்பத்தைத் தன் கையால் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். பாத்திரத்தைத் தூக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்குக் கைக்குழந்தையை ஏந்த வேண்டும். இந்தக் கைகளால் அதெல்லாம் ஆகுமா என்பதுதான் கேள்வி.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். காபித் தம்ளர்களைத் தட்டில் வைத்து அண்ணனே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். யாரும் வாய்திறந்து எதுவும் சொல்ல வேண்டாம், அவரே பார்த்துக்கொள்வார். தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, அடுப்படிக்கும் முன்னறைக்கும் நாள் முழுக்க நடக்கவைத்தாள். முதலில் சிந்தியது. பிறகு சிந்தவில்லை.

"என்ன, ஓட்டல் வேலைக்கா அனுப்பப்போற அவன?" என்றார் அப்பா.

"அங்கனயும் கை கேப்பாகப்பா" என்றான் அண்ணன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

செயலாளர் வந்தார். நல்ல மனிதர்தான், இன்றும் எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை. அண்ணனை அருகில் உட்காரவைத்து நலம் விசாரித்தார். இறந்துபோன அக்காவின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "கம்ப்யூட்டர்ல எபிரேயம் அடிக்கீகளாமே தம்பி. முதல்வர் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு. எங்க, பாப்போம்" என்றார்.

நாங்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள்போல் அவரை அறைக்குள் அழைத்துப்போனோம். அண்ணன் அடித்தான். தட்டி, கையெடுத்து, தட்டி. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அம்புட்டும் நீங்களே?"

"ஆமாங்கய்யா. தங்கச்சி அமைச்சுக் குடுத்தா. அடிக்கிறது நான்தான்."

"தமிழும் அடிப்பீகளா?"

"பழகினா அடிப்பேன்."

முன்னறைக்குத் திரும்பினோம். அம்மா அடுப்படியிலிருந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் எழுந்து போனான். தட்டோடு வந்தான். ஒரு சொட்டும் தளும்பவில்லை. செயலாளர் முன்னால் வந்து குனிந்து நீட்டினான்.

அவர் தட்டைப் பார்த்தார். தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். அவர் கை மடியிலிருந்து எழும்பியது. பாதியில் நின்று, வேட்டியைச் சரிசெய்துவிட்டு மடிக்கே திரும்பியது.

"இப்பல்லாம் காபி குடிக்கிறதில்ல தம்பி. வயிறு ஒத்துக்கிட மாட்டேங்கு" என்றார்.

அண்ணன் தட்டை அப்பாவிடம் நீட்டினான். அப்பா ஒரு தம்ளரை எடுத்து, ஆறட்டும் என்று பார்க்காமல், ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அதற்கு முந்தின மாதம் ஆசிரியர் கூட்டத்தில் அந்த ஐயா இரண்டு முறை காபி கேட்டு வாங்கிக் குடித்ததை அம்மா பார்த்திருக்கிறாள். இதை அவள் எங்களிடம் சொன்னது வெகுகாலம் கழித்து.

கிளம்பும்போது செயலாளர் உண்மையான மகிழ்ச்சியோடு பேசினார். "நான் என்னமோ ஏதோன்னு கவலயோட வந்தேன் டீச்சர். இனி கவலயே இல்ல. ஆபீசுல டைப் அடிக்க, புரூப் பாக்க ஆளில்லாம முழிச்சுக்கிட்டு இருக்கோம். இவரு மாதிரிப் படிச்சவரு கிடைக்கிறது எங்களுக்குத்தான் பாக்கியம்."

"சபைக்குன்னு..." என்றாள் அம்மா.

"அதும் ஊழியந்தான டீச்சர்? சனங்க ஒரு மாதிரி. சின்னப் புள்ளைக பயந்துரும். தம்பிக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்."

அண்ணன் நின்றுகொண்டுதான் இருந்தான். "சரிங்கய்யா" என்றான்.

அவர் தெருமுனை திரும்பியதும் நான் அறைக்குள் போய் கணினியை அணைத்தேன். அவனால் அடிக்க முடியும் என்பதை நிரூபிக்கத்தான் அத்தனை நாள் வேலை செய்தேன். நிரூபணம் ஆகிவிட்டது. அடிக்கத் தெரிந்தவனை அடிக்கும் இடத்தில் வைத்துவிட்டார்கள். அதில் எங்கே பிசகு என்று ஒவ்வொரு படியாகத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். எந்தப் படியிலும் பிழை இல்லை.

நியமன உத்தரவு அடுத்த மாதம் வந்தது. அலுவலக உதவியாளர், வெளியீட்டுப் பிரிவு. குருவாக்கும் அபிஷேகம் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதைப் பிறகு பார்க்கலாம் என்று செயலாளர் போனில் சொன்னார். பிறகு யாரும் பார்க்கவில்லை. வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் அங்கிருந்த கணினியைத் தயார்செய்ய நான் அண்ணனோடு போனேன். தமிழ் விசைப்பலகை, ஒட்டும் விசை, மெதுவிசை மூன்றையும் அமைத்தேன். தீக்குச்சியைச் சீவி இரண்டு விசைகளில் ஒட்டினேன்.

"எபிரேயமும் போட்டுரட்டுமா?" என்று கேட்டேன்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து அறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேசைமேல், அவன் அடிக்க வேண்டிய சுற்றறிக்கை ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. எந்தெந்தச் சபையில் எந்த ஞாயிறு யார் திருவிருந்து நடத்துவது என்ற முறை.

"வேணாம் பாப்பா. இங்கன அதுக்கு வேலயில்ல" என்றான்.

பிறகு அந்தத் தாளை ஒட்டிய விரல்களின் முதுகால் தன் பக்கம் நகர்த்தி, முதல் சபையின் பெயரை அடிக்கத் தொடங்கினான். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது என் கை சன்னல் கம்பியைத் தொட்டது.